பல்லை வைத்து சாரோபாட் உறவுமுறை சொல்ல முடியுமா?

பாறைவாசி:
நெடுங்கழுத்து டைனோசர்களான சாரோபாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே மண்டையோடும் பல்லும்தான் முதல் சாட்சி என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மங்கோலியாவின் நெமெக்டோசாரஸைப் பாருங்கள். கிடைத்தது மண்டையோடு மட்டும். நீண்ட முகம், தாடையின் முன்பகுதியில் பென்சில் போன்ற மெல்லிய பற்கள். இன்னொரு சாரோபாட்டான டிப்ளோடோகஸ் போலவே இருக்கிறதே என்று பலர் அதன் உறவாகவே சேர்த்துவிட்டார்கள். 2001இல் மடகாஸ்கரின் ராபெட்டோசாரஸ் அறிவிக்கப்பட்டது. தலை நெமெக்டோசாரஸ் சாயல், உடலோ டைட்டனோசர் என்ற வேறொரு சாரோபாட் வம்சத்தின் உடல்! இரண்டு வம்சங்களும் தனித்தனியே மெல்லிய பல்லுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. உறவு தெரிய முள்ளெலும்பைப் பார்ப்பதே மேல்.

தேன்மொழி:
முள்ளெலும்பு மட்டும் இருந்தபோது என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள் நண்பரே. 1880களில் அமெரிக்க ஆய்வாளர் மார்ஷ், தலையில்லாமல் கிடைத்த பிரான்டோசாரஸ் என்ற சாரோபாட்டுக்கு, காமராசாரஸ் என்ற வேறொரு சாரோபாட்டின் பாணித் தலையை வரைந்து கொடுத்தார். பிறகு அமெரிக்காவின் யூட்டாவில் புதைபடிவ ஆய்வாளர் டக்ளஸ் தோண்டிய இடத்தில் அபடோசாரஸ் (பிரான்டோசாரஸையும் அப்போது இந்தப் பெயரில்தான் சேர்த்திருந்தார்கள்) எலும்புக்கூட்டுக்கு அருகிலேயே டிப்ளோடோகஸ் போன்ற மண்டையோடு கிடைத்தது. இதுதான் சரியான தலை என்று 1915இல் கார்னகி அருங்காட்சியகத்தின் ஹாலந்து வாதாடினார். அன்றைய செல்வாக்குள்ள ஆய்வாளர் ஆஸ்போர்ன் ஏற்கவில்லை. ஹாலந்து 1932இல் இறக்கும்வரை கார்னகி அருங்காட்சியகத்தின் எலும்புக்கூடு தலையில்லாமலே நின்றது. அதன்பின் அதிலும் தவறான தலையைத்தான் வைத்தார்கள். திருத்தியது 1979இல். முழு உடலும் கையில் இருந்தும் தலையை யாராலும் ஊகிக்க முடியவில்லையே!

சாரோபாட் மண்டையோடு மெல்லிய எலும்புகளால் ஆனது, கழுத்தோடு தளர்வாகப் பிணைந்தது. இறந்ததும் முதலில் கழன்று போய்விடும். அதனாலேயே கிடைக்கும் ஒவ்வொன்றும் அருமை.

பாறைவாசி:
சரி, அது நியாயம். ஆனால் அதுவும் தலை கிடைக்காததால் வந்த குழப்பமே. தலை கிடைத்தும் குழம்பினோம் என்பதுதான் என் வாதம்.

தேன்மொழி:
குழம்பியது பல்லின் வெளி உருவத்தை மட்டும் பார்த்ததால். பல்லை அறுத்துப் பாருங்கள். எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினில் நாளுக்கு ஒரு கோடு வளர்கிறது. அவற்றை எண்ணினால், வாயிலிருக்கும் பல்லுக்கும் அடியில் காத்திருக்கும் பல்லுக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று தெரியும். 2013இல் வந்த ஆய்வின்படி டிப்ளோடோகஸ் ஒரு குழியில் சுமார் 35 நாளுக்கு ஒரு பல் மாற்றியது, காமராசாரஸ் சுமார் 62 நாளுக்கு ஒன்று. இரண்டும் மேற்கு அமெரிக்காவின் மாரிசன் என்ற ஜுராசிக் காலப் பாறைகளில் கிடைப்பவை. முன்னதற்கு மெல்லிய பல், பின்னதற்குக் கரண்டி போல அகன்ற, தடித்த பல். ஒரே நிலத்தில் இரண்டு பிரம்மாண்டங்கள் வெவ்வேறு உணவைத் தின்று எப்படிப் பிழைத்தன என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எங்கே இருக்கிறது? ஆப்பிரிக்காவின் நைஜர்சாரஸுக்கு மாற்றுப் பற்களையும் சேர்த்தால் 500க்கு மேல். சுமார் 14 நாளில் ஒன்று மாறியது. நிலத்தை ஒட்டி மேயும்போது மண்ணும் தூசும் பல்லைத் தேய்த்துவிடும் என்று நினைக்கிறேன்.

நெடுங்கழுத்து:
நடுவில் நுழைகிறேன். பாறைவாசி சொல்லும் ‘தனித்தனியே வந்த’ மாற்றம் எப்படி நடந்தது என்பதைக் காட்டுவதும் மண்டையோடுகள்தானே? யூட்டாவில் கிடைத்த அபிடோசாரஸ், சுமார் 10.5 கோடி ஆண்டுக்கு முந்தையது. பிராக்கியோசாரஸ் என்ற சாரோபாட்டின் வம்சத்தைச் சேர்ந்தது, ஆனால் பற்கள் ஜுராசிக் காலத்து உறவுகளைவிடக் குறுகியவை. அர்ஜென்டினாவின் சர்மியென்டோசாரஸ் டைட்டனோசர்தான், என்றாலும் பல் அவ்வளவு மெலியவில்லை. அகலப் பல் படிப்படியாக மெலிந்த கதை இது. டிப்ளோடோகஸ் வம்சம் வேறு வழியில், வெகு முன்பே அங்கே போய்விட்டது.

பாறைவாசி:
உணவுக்குப் பல் நல்ல சாட்சி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஆஸ்திரேலியாவின் டயமன்டினாசாரஸ் ஒன்றின் வயிற்றில் இருந்த உணவே படிவமாகக் கிடைத்ததை 2025இல் அறிவித்தார்கள். ஊசியிலை மரம், விதைப் பெரணி (இன்று அழிந்துபோன ஒரு தாவர வகை), பூக்கும் தாவரம் எல்லாம் கலந்திருந்தன. இந்தப் பட்டியலை எந்தப் பல்லும் சொல்லியிருக்காது.

தேன்மொழி:
தாவரத்தின் பெயரைப் பல் சொல்லாது, உண்மை. ஆனால் அந்த வயிற்றில் இலைகள் மெல்லப்படாமலே கிடந்தன. அரைக்கும் பல் இல்லாத தாடையைப் பார்த்து அதை முன்பே ஊகித்திருந்தோம். உறவு விஷயத்துக்கு வருகிறேன். அதே டயமன்டினாசாரஸின் மண்டையோடு 2023இல் விவரிக்கப்பட்டது. முக எலும்பு, மூளைப்பெட்டி, பல் என்று பாகம் பாகமாக சர்மியென்டோசாரஸோடு ஒத்துப்போகிறது. இவை வாழ்ந்த காலத்தில் ஆஸ்திரேலியாவும் தென்னமெரிக்காவும் அண்டார்டிகா வழியாக இணைந்திருந்தன, அதனால் இந்த உறவு பொருந்துகிறது. நெமெக்டோசாரஸில் நடந்த தவறு இங்கேயும் நடந்திருக்கிறது என்று நினைத்தால், எந்த எலும்பில் என்று காட்டுங்கள், பேசலாம்.