நிலாவெளியில சவுக்குக் கன்றுகள் மஞ்சளாகுது, வழி சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. கடற்கரையோரம் காற்றுத் தடுப்புக்கு 40 சவுக்குக் கன்று நட்டனாங்கள். இரண்டு வருசமாச்சு, இன்னும் இடுப்பளவு தாண்டேல்லை. அடியில உள்ள பழைய ஊசிகள்தான் முதல்ல மஞ்சளாகி உதிருது, நுனி பச்சை. இரும்புச்சத்துக் குறைஞ்சால் இளம் நுனிதான் முதல்ல மஞ்சளாகும்; அதனால இது இரும்புச்சத்துக் குறைவில்லை, நைதரசன் குறைவெண்டு நினைக்கிறன்.

ஒண்டைக் கிண்டிப் பார்த்தன். வேரில ஒரு முடிச்சுக்கூட இல்லை! பிராங்கியா எண்ட நுண்ணுயிர் அந்த முடிச்சுக்குள்ள இருந்துதான் காற்றிலுள்ள நைதரசனைச் சவுக்குக்குப் பிடிச்சுக் குடுக்கிறது. யூரியா கூடினால் முடிச்சு வராமப் போயிடும் எண்டு பயம்.

மூத்த மரத்தின்ர வேர்முடிச்சை அரைச்சுத் தண்ணியில கலந்து ஊத்தின ஆக்கள் இருக்கிறியளா? பொசுபேற்று, எருவும் போட்டனீங்களோ, எவ்வளவு? உப்புவெளி, குச்சவெளிப் பக்கம் முடிச்சுள்ள மரம் தெரிஞ்சால் சொல்லுங்கோ. மாரிக்கு முன்னம் ஊத்த வேணும்.