நோட்டர் டேம் இனியும் தனியாவே ஆடணுமா, இல்ல கான்ஃபரன்ஸ்ல சேந்துடலாமா?

சவுத்பெண்ட்_பனி

அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல நம்ம நோட்டர் டேம் எந்த கான்ஃபரன்ஸ்லயும் (காலேஜ் டீம்கள் சேந்து ஆடற கூட்டமைப்பு) சேராம தனியா ஆடற டீம். டிசம்பர் 7 பிளேஆஃப் லிஸ்ட் வந்ததுலேர்ந்து மனசே ஆறல, அதான் இங்க கேக்கறேன். 2025 சீசன்ல முதல் ரெண்டு மேட்சும் தோத்தோம், மியாமிகிட்ட 27-24, டெக்சாஸ் ஏ அண்ட் எம்கிட்ட 41-40, ரெண்டையும் கூட்டினாலும் வெறும் 4 பாயிண்ட்டுதான். அதுக்கப்புறம் வரிசையா 10 மேட்ச் ஜெயிச்சும் சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற 12 டீம் பிளேஆஃப்ல நமக்கு இடம் இல்லன்னு டீம தேர்ந்தெடுக்கற கமிட்டி சொல்லிட்டாங்க. வாராவாரம் ரேங்கிங்ல நமக்குக் கீழ இருந்த மியாமி, கடைசி வாரம் ரெண்டு டீமும் ஆடவே இல்ல, ஆனா மேல போயிடுச்சு. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல.

நான் இத்தனை வருஷமா தனியா ஆடறதுதான் நம்ம கௌரவம்னு சொல்லிட்டு இருந்தவன். இப்ப யோசிக்கிறேன், ஊரோட ஒத்துப் போய் ஒரு கான்ஃபரன்ஸ்ல சேந்துட்டா கமிட்டி ரூம்ல நமக்காகப் பேச நாலு பேராவது இருப்பாங்கல்ல? உங்க எல்லாரோட கருத்தும் வேணும்.

பழைய_சீட்_47

தம்பி, கோவம் புரியுது, எனக்கும் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. ஆனா சேர்றதுன்னா எங்க சேர்றதுங்கறத முதல்ல பாருங்க. மத்த விளையாட்டெல்லாம் 2013-லேர்ந்து ஏசிசிங்கற கான்ஃபரன்ஸ்ல இருக்கு (ஐஸ் ஹாக்கி மட்டும் பிக் டென்ங்கற இன்னொரு கான்ஃபரன்ஸ்ல), ஃபுட்பால்ல வருஷத்துக்கு சராசரியா அஞ்சு ஏசிசி டீமோட ஆடறோம், அந்த ஒப்பந்தப்படி 2036-க்குள்ள ஃபுட்பாலும் எங்கயாவது சேர்றதுன்னா அது ஏசிசியாதான் இருக்கணும். பிக் டென்னுக்குப் போலாம், எஸ்இசிக்குப் போலாம்னு பேசறதெல்லாம் இப்போதைக்கு பேச்சோட சரி.

சரி ஏசிசிலயே சேந்துட்டோம்னு வைங்க, சாம்பியன் ஆனா இடம் கிடைச்சிடுமா? 2025-ல ஏசிசி சாம்பியன் யாரு? டியூக். ஃபைனல்ல வர்ஜீனியாவ ஓவர்டைம்ல ஜெயிச்சும் 8-5ங்கற கணக்கோட பிளேஆஃப்ல நுழைய முடியல, அந்த இடத்துக்கு சின்ன கான்ஃபரன்ஸ் சாம்பியன்களான ஜேம்ஸ் மேடிசன் போச்சு, டுலேன் போச்சு. மியாமியே சமமா இருந்தா யாரு மேலங்கற டைபிரேக்கர் விதில அடிபட்டு அந்த ஃபைனலுக்குப் போகல. அதனால கான்ஃபரன்ஸ்ல இருந்தா பாதுகாப்புன்னு நம்பிடாதீங்க, நம்மள வெளில தள்ளினது அந்த 4 பாயிண்ட், அதுலயும் நேருக்கு நேர் தோத்த டீமோடயே ஒப்பிடற மாதிரி ஆனதுதான்.

இன்னொண்ணு, 2026-லேர்ந்து கடைசி ரேங்கிங்ல முதல் 12-க்குள்ள இருந்தா நமக்கு இடம் உறுதின்னு 2024-லயே கையெழுத்தாயிடுச்சு. 2025-ல நாம இருந்தது 11. இந்த விதி ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா நீங்க இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீங்க.

மிட்வெஸ்ட்_அக்கா

அண்ணன் சொல்றத முழுசா ஒத்துக்க முடியல. நான் சேரணுங்கற பக்கம், ரொம்ப நாளாவே.

முதல்ல நவம்பர் மாசத்தப் பாருங்க. மத்தவங்க எல்லாம் அந்த மாசம் தங்களோட கான்ஃபரன்ஸ் எதிரிகளோட முட்டி மோதிட்டு இருப்பாங்க, யாரும் நமக்குத் தேதி தர மாட்டாங்க. 2025-ல அக்டோபர் 18 யுஎஸ்சி (லாஸ் ஏஞ்சலஸ் டீம்) மேட்சுக்கு அப்புறம் பாஸ்டன் காலேஜ், நேவி (கடற்படை அகாடமி டீம்), பிட்ஸ்பர்க், சிராக்யூஸ், ஸ்டான்ஃபோர்டு, இதுல பெருசா சொல்லிக்கற மாதிரி பிட்ஸ்பர்க் ஒண்ணுதான். 10 ஜெயிச்சோம் 10 ஜெயிச்சோம்னு நாம சொல்றோம், கமிட்டி யார ஜெயிச்சீங்கன்னு கேக்குது.

இப்ப யுஎஸ்சியும் போச்சு. 1926-லேர்ந்து வந்த உறவு, 2026-ல மேட்ச் இல்ல. அவங்க பிக் டென் போய் 18 டீம்ல ஒண்ணா ஆனதுக்கப்புறம் நமக்காக அட்டவணைய வளைக்க அவங்களுக்கு என்ன அவசியம்? கான்ஃபரன்ஸ் பெருசாக ஆக நமக்கு ஆட ஆள் குறையும், எனக்கு உண்மையிலேயே பயமா இருக்கு.

2020 ஞாபகம் இருக்கா? கோவிட்னால ஒரே ஒரு சீசன் ஏசிசில முழுசா ஆடினோம். கிளெம்சன டபுள் ஓவர்டைம்ல 47-40ன்னு ஜெயிச்சு, திரும்ப ஃபைனல்ல அவங்ககிட்டயே 34-10 தோத்தும் நாலு டீம் பிளேஆஃப்ல இடம் கிடைச்சுது. அந்த வருஷம் ஒவ்வொரு வாரமும் எதுக்காக ஆடறோம்னு தெரிஞ்சுது, எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது.

புரோவோ_பாஸ்

நான் பிஒய்யூ (பிரிகாம் யங் யுனிவர்சிட்டி) ரசிகன், ரெண்டு வரி சொல்லிட்டுப் போறேன். நாங்க 2011-லேர்ந்து 2022 வரைக்கும் தனியாதான் ஆடினோம், 2023-ல பிக் 12 போனோம், திரும்பிப் பாக்கணும்னே தோணல. ஆர்மி (ராணுவ அகாடமி டீம்) 2024-ல அமெரிக்கன் கான்ஃபரன்ஸ்ல சேந்து முதல் வருஷமே சாம்பியன் ஆச்சு. எங்கள மாதிரி டீமுக்கு கான்ஃபரன்ஸ்தான் மூச்சு. ஆனா உங்களுக்கு 1991-லேர்ந்து என்பிசி டிவி இருக்கு, ஹோம் மேட்ச் எல்லாம் நாடு முழுக்கத் தெரியுது. எங்க கணக்க வச்சு உங்களுக்குச் சொல்ல முடியாது.

பழைய_சீட்_47

அக்கா, நவம்பர் விஷயத்துல நீங்க சொல்றது சரிதான், அங்க என்கிட்ட பதில் இல்ல. யுஎஸ்சி போனதும் எனக்கு வலிக்குது.

ஆனா காசு விஷயம் ஒண்ணு விட்டுட்டீங்க. 2024 சீசன்ல ஃபைனல் வரைக்கும் போனோமே, இண்டியானா, ஜார்ஜியா, பென் ஸ்டேட் எல்லாரையும் தாண்டி, அதுக்கு வந்த 20 மில்லியன் டாலர் முழுசா நமக்கே. கான்ஃபரன்ஸ்ல இருந்திருந்தா பங்கு பிரிச்சு மிச்சம்தான் கைக்கு வரும். உள்ள போகலன்னா ஒண்ணும் கிடையாது, அதையும் ஒத்துக்கறேன்.

அப்புறம் நாம ஏன் தனியா இருக்கோம்? ராக்னி கோச்சா இருந்தப்ப பிக் டென்ல சேரத்தான் கேட்டோம், அவங்க சேத்துக்கல, அதனாலதான் ரயில் ஏறி நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் போய் ஆடினோம், ஊர் ஊரா ரசிகர்கள் வந்தாங்க. 1999-ல அதே பிக் டென் கூப்பிட்டப்ப டிரஸ்டிகள் வேண்டாம்னாங்க. நேவியோட 1927-லேர்ந்து ஆடறது, ரெண்டாம் உலகப்போர்ல மாணவர்கள் இல்லாம காலேஜே தத்தளிச்சப்ப கடற்படை இங்க பயிற்சி நடத்தி காப்பாத்துச்சு, அந்த நன்றிக்காகத்தான் அவங்க கேக்கற வரைக்கும் ஆடறோம். ஒன்பது கான்ஃபரன்ஸ் மேட்ச் தலைல ஏறிட்டா முதல்ல அடிபடறது இந்த மாதிரி மேட்ச்தான்.

சவுத்பெண்ட்_பனி

எல்லாருக்கும் நன்றி. 2036 ஒப்பந்தம் தெரியும், ஆனா டியூக் கதைய இந்தக் கோணத்துல யோசிக்கவே இல்ல. அக்கா சொன்ன நவம்பர்தான் இன்னும் உறுத்துது, ஏசிசி மேட்ச அக்டோபருக்குத் தள்ளிட்டு நவம்பர்ல ஒரு பெரிய டீம பிடிக்கறதுக்காவது நம்ம ஆளுங்க இப்பவே உக்காந்து பேசணும். 2026 நவம்பர்ல மியாமி இங்க வர்றாங்க, என்ன குளிரா இருந்தாலும் நான் ஸ்டேடியத்துல இருப்பேன், யாராவது வர்றீங்கன்னா சொல்லுங்க, பக்கத்து பக்கத்து சீட்டா எடுத்துடலாம்.