டாங்கோ ஆடும் இடத்தில் பியாசோலா வேண்டுமா?

மரீன் பரேட் ரசிகன்

சனிக்கிழமை சமூக மன்ற அறையில் நடந்த டாங்கோ பயிற்சியில் அர்ஜென்டினா இசையமைப்பாளர் ஆஸ்டர் பியாசோலாவின் நான்கு இசைத்துண்டுகள் அடுத்தடுத்து ஒலித்தன. மூன்று ஜோடிகள் ஆடினார்கள். மற்றவர்கள் சுவரோரம் ஒதுங்கிவிட்டோம். ஆடுகிறவர்களுக்கு இசை போடுகிறவர் 1935 முதல் 1955 வரையிலான இசைக்குழுக்களைத் தாண்டவே கூடாது என்பது என் கருத்து.

1935 இறுதியில் ஹுவான் டாரியென்சோவின் குழுவில் பியானோ வாசிக்க ரொடால்ஃபோ பியாஜி சேர்ந்தார். அவர் வந்த பிறகு வெளிவந்த பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். வயலின்கள் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் சிறு இடைவெளியில் பியானோ துள்ளிக்கொண்டு நுழையும். ஆடத் தெரியாதவருக்கும் கால் எழும். அந்த மனிதர்கள் ஆடுகிறவர்களுக்காகவே வாசித்தார்கள்.

பொங்கோல் பறவை

அண்ணா, இதை என்னால் ஏற்க முடியாது. 1974 இல் வெளிவந்த 'லிபர்டாங்கோ'வைக் கேட்டுத்தான் நான் டாங்கோ பக்கமே வந்தேன். என்னைப் போல் எத்தனையோ பேர். பியாசோலா ஒன்றும் வெளியாள் இல்லையே? பழைய இசைக்குழுத் தலைவர் அனிபால் த்ரொய்லோவிடம், துருத்தி வைத்த பந்தோனியோன் என்ற கருவியை வாசித்து வளர்ந்தவர். எட்டு எண்ணிக்கையை மூன்று, மூன்று, இரண்டு என்று அவர் பிரிப்பதைப் புதுமை என்கிறார்கள்; டாங்கோவுக்கு உறவான மிலோங்கா என்ற ஆட்டத்தின் பழைய பாடல்களிலேயே அந்தத் தாளம் இருக்கிறது. டாங்கோவின் ஊரான பியூனஸ் அயர்ஸைப் பார்த்தே இராத நாம் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு அவர் வேண்டாம் என்று வேலி போடுவது நியாயமா?

மரீன் பரேட் ரசிகன்

த்ரொய்லோவிடம் இருந்தவர் ஏன் விலகினார் என்று யோசியுங்கள். கேட்கும் இசையாக டாங்கோவை எழுத விரும்பினார். 1955 இல் அவர் அமைத்த எண்மர் குழு உட்கார்ந்து கேட்பவர்களுக்கானது. அவருடைய விருப்பத்தை மதிக்கத்தான் சொல்கிறேன். வீட்டில் நானும் அவரைக் கேட்கிறேன்.

கிளமெண்டி காது

பழைய பதிவுகளுக்காக வாதாடுகிறவர்கள் அவற்றைப் பகிரும் விதத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் குழுவில் சுற்றும் கோப்புகளில் இரைச்சலை நீக்குகிறோம் என்று வயலினின் உயிரையும் சேர்த்து நீக்கியிருக்கிறார்கள். கார்லோஸ் டி சார்லி தம் குழுவுக்குத் தாமே பியானோ வாசித்தார். வரிகளுக்கு நடுவே அவருடைய இடக்கை கனமாக, மணி அடித்தாற்போல் இறங்கும். கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் அது கேட்கவே கேட்காது. புதிதாக வருகிறவர் "எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது" என்று சலித்துக்கொண்டால் குறை அவருடையதா?

ஈசூன் அக்கா

தம்பி, தங்கை, இருவரும் முக்கியமான ஒன்றைத் தொடவில்லை. பியாசோலாவைப் போட்டது பெரிய தவறு இல்லை. நான்கை ஒரே தாந்தாவாகப் போட்டதுதான் தவறு.

ஒரே குழு, ஒரே காலம், ஒரே மனநிலை உள்ள மூன்று நான்கு பாடல்கள் சேர்ந்தது தாந்தா. அது முடிந்ததும் ஒலிக்கும் சம்பந்தமில்லாத துண்டு கோர்த்தினா. அப்போதுதான் துணைக்கு நன்றி சொல்லிப் பிரிகிறோம். நடுவில் விட்டுப் போனால் துணையை அவமதித்ததாகிவிடும். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். நான்கு பாடலும் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பியாசோலாவின் துண்டுகள் பல அதைவிட நீளம், வேகமும் நடுவில் மாறும். முதல் மாதம் ஆடுகிற பெண் அதற்குள் அகப்பட்டுக்கொண்டு, தப்பித்துப் போகவும் முடியாமல் நின்றதை அன்று பார்த்தேன். மனம் பொறுக்கவில்லை.

அழுத்தமும் நிதானமும் வேண்டுமா? பழைய இசைக்குழுத் தலைவர்களிலேயே ஒஸ்வால்டோ புக்லியேசே இருக்கிறாரே! 1946 இல் பதிவான அவருடைய 'லா யும்பா'வில் குழு முழுவதும் தரையை மிதிப்பதுபோல் வாசிக்கும். ஆனாலும் காலுக்கு வழி கிடைக்கும்.

பொங்கோல் பறவை

அந்தப் பெண்ணை நான் கவனிக்கவில்லை, அக்கா. தாந்தா பற்றிச் சொன்னது சரி. ஆனால் பயிற்சியின் கடைசி அரைமணி நேரத்தில், முன்கூட்டியே அறிவித்துவிட்டு, இரண்டே இரண்டு துண்டு போடுவதில் என்ன நட்டம்? விரும்புகிறவர் ஆடட்டும், மற்றவர் உட்கார்ந்து கேட்கட்டும். என் கோரிக்கையை நான் விடப்போவதில்லை.

மரீன் பரேட் ரசிகன்

புக்லியேசே வரை வருகிறேன். அதற்கு அப்பால் வர மாட்டேன். கடைசி அரைமணி நேரத்தில்தான் எல்லோருக்கும் உடல் இளகி ஆட்டம் கூடிவருகிறது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய கால்மணி நேரத்தில், நாற்காலி அடுக்கும்போது, பியாசோலாவைத் தாராளமாகப் போடுங்கள். கிளமெண்டி நண்பரே, நல்ல டி சார்லி கோப்புகள் இருந்தால் சனிக்கிழமைக்குள் அனுப்புங்கள்.