மறு: ‘டிரிவியா’வுக்குத் தமிழ்ச் சொல் – ‘கொசுறு’ போதாதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘டிரிவியா’ என்கிற சின்னச்சின்னச் சுவையான தகவல்களுக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று நம் குழுவில் நடக்கும் பேச்சில், ஒரு வாரமாக எல்லா மடல்களையும் வாசித்துவருகிறேன். எனக்கு இதில் ஓர் அவசரமும் உண்டு. அட்டனுக்குப் பக்கத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் ஒரு சுவர்ப்பலகை இருக்கிறது. தாங்கள் கேட்ட, படித்த வினோதமான சங்கதிகளைப் பிள்ளைகள் துண்டுத்தாளில் எழுதி அதில் ஒட்டலாம். ‘பொது அறிவு’ என்று தலைப்பு எழுதியிருந்தோம். நாலைந்து பேர்தான் ஒட்டினார்கள். ஏனென்று கேட்டால், “அது புலமைப்பரிசில் பரீட்சைக்கு உள்ளதுதானே சேர்?” என்கிறார்கள். தலைப்பு அவர்களைப் பயமுறுத்திவிட்டது. அதனால் எனக்கு ஒரு நல்ல சொல் தேவைப்படுகிறது.

> முச்சந்திச் செய்தி எனலாமே. மூலச் சொல்லுக்கு நேர்ப்பொருள்.

நேர்ப்பொருள் என்பது சரி. லத்தீனில் டிரிவியம் என்றால் மூன்று வழிகள் கூடும் இடம். தெருமுனையில் யாரும் பேசுகிற மலிவான விசயம் என்ற எண்ணம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. தமிழிலோ முச்சந்தி என்றதும், ஒருவரை அங்கே நிறுத்தி மானத்தை வாங்குவதுதான் நினைவுக்கு வருகிறது. அந்த லத்தீன் சொல்லின் இளக்காரத்தையும் சேர்த்து நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

‘துணுக்கு’ நல்ல சொல்தான், ஆனால் வார இதழ்கள் அதைச் சிரிப்புக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. ‘புதினம்’ யாழ்ப்பாணத்தில் செய்தி, தமிழ்நாட்டில் நாவல். ‘விடுப்பு’ அங்கே ஊர்வம்பு, தமிழ்நாட்டில் லீவு. இரண்டுமே குழப்பும்.

என் சொல் ‘கொசுறு’. சந்தையில் காய்கறி வாங்கி முடித்ததும் கடைக்காரர் ஒரு கொத்து கறிவேப்பிலையையோ இரண்டு பச்சை மிளகாயையோ பைக்குள் போடுவாரே, அதை எங்கள் அப்பாயி கொசுறு என்றுதான் சொல்லும். விலை கிடையாது, கொடுக்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டும். ‘கொசுறுத் தகவல்’ என்று தமிழ்நாட்டில் ஏற்கெனவே எழுதவும் செய்கிறார்கள். நான் கேட்பதெல்லாம், அதை முறையான கலைச்சொல்லாக நாம் ஏற்க வேண்டும் என்பதுதான்.

> கொசுறு தனியாக வராது, ஒன்றை வாங்கினால்தான் கிடைக்கும். டிரிவியா தனியே நிற்கும்.

இந்த மறுப்பைத்தான் இரண்டு நாள் யோசித்தேன். தனியே நிற்கிறதா என்ன? பதுளை ரயில் பாதையைப் பற்றிப் பேசுகிறோம் என்று வையுங்கள். அதோடு வருவதுதான் தெமோதரை ஸ்டேஷன் சங்கதி: அந்த ஸ்டேஷனை விட்டுப் பதுளைப் பக்கம் புறப்படும் ரயில் வளைந்து இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. சிவனொளிபாத மலைக்கு ஏறுகிறோம். விடியும்போது அதன் நிழல் முக்கோணமாகத் தெரிவது கொசுறு. மலை எந்த வடிவத்தில் இருந்தாலும் நீண்ட நிழல் தூரப் பார்வைக்குக் கூம்பித்தான் தெரியும் என்பது கொசுறுக்கும் கொசுறு. நாட்டின் பெயர் 1972இல் மாறியும் தேயிலைப் பெட்டியில் இன்னும் ‘சிலோன்’ என்றே இருக்கிறது. இவற்றில் எதுவும் ஒரு பெரிய விசயத்தைப் பிடித்துக்கொள்ளாமல் வரவில்லை. சொல்லின் குறை என்று நீங்கள் காட்டியது எனக்கு அதன் பொருத்தமாகவே படுகிறது.

இன்னொரு சொல்லும் கூடவே வேண்டும். உண்மைபோல இருந்து உண்மையாக இல்லாததற்கு 1973இல் அமெரிக்க எழுத்தாளர் நார்மன் மெய்லர் ‘ஃபாக்டாய்ட்’ என்று பெயர் வைத்தார். இப்போது பலர் அதைச் சின்ன உண்மைக்கும் சொல்கிறார்கள், பொருளே கலங்கிவிட்டது. நாம் ஆரம்பத்திலேயே பிரித்துவிடலாம். டிரிவியா தொகுத்த ஓர் அமெரிக்கர், கொலம்போ என்ற தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதற்பெயர் பிலிப் என்று வேண்டுமென்றே பொய்யாக எழுதி வைத்தார், யாராவது நகலெடுத்தால் பிடிப்பதற்காக. டிரிவியல் பர்சூட் என்ற வினாடிவினா விளையாட்டில் அதே பிலிப் வந்தது. 1984இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், தோற்றார்; தகவல் யாருக்கும் சொந்தமில்லை என்பது சட்டம். அந்தப் பிலிப்பைப் போன்றவற்றுக்குப் ‘பதர்’ என்கிறேன். வெளியே நெல்லைப் போலவே இருக்கும், உள்ளே அரிசி இருக்காது. சுளகில் போட்டுப் புடைத்தால்தான் தெரியும். ‘பதர்த்தகவல்’ என்றால் பிள்ளைக்கும் விளங்கும்.

கூட்டுச்சொற்களும் சொல்லிப் பார்த்தேன்: கொசுறுப் போட்டி, கொசுறுப் பக்கம், கொசுறுப் பிரியர். நாக்கில் தடங்கவில்லை.

> பேச்சுவழக்குச் சொல், கலைச்சொல்லுக்கான கனம் இல்லை.

எங்கள் ஊரில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைக் குறிக்கும் ‘லைன்’ லயமானது, ‘பரேட்’ பெரட்டானது. விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் இடம் பெரட்டுக்களம். எந்தக் குழுவும் கூடி முடிவு செய்யவில்லை. குளிரில் நின்ற சனங்கள் சொல்லிச் சொல்லி நிலைத்தவை. இன்று ஆய்வுக் கட்டுரைகளிலும் லயம் என்றுதான் எழுதுகிறார்கள். கனம் புழக்கத்தில் வரும்.

சனிக்கிழமை பெயின்ட் அடிக்கிறோம். ‘இன்றைய கொசுறு’ என்று பென்சிலால் கோடு போட்டு வைத்துவிட்டேன். அதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்கிழமை இரவுக்குள் எழுதுங்கள், அழித்துவிட்டு அதையே எழுதுகிறேன்.

அன்புடன்,
அட்டனிலிருந்து