‘பாளையங்கோட்டை வீடு’ குழுவில் கவினின் பள்ளிச் சீட்டு

பிரியா: கவின் பள்ளியில் ஒரு சீட்டு கொடுத்துவிட்டிருக்கிறார்கள். எட்டாம் வகுப்புக்கு சனிக்கிழமை ‘வளரிளம் பருவ வகுப்பு’. ஒரு டாக்டர் வந்து பேசுவாராம். பையன்கள், பெண்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும். சம்மதம் என்றால் வெள்ளிக்குள் கையெழுத்து போட்டு அனுப்பணும். என்ன சொல்கிறீர்கள்?

பெரியப்பா: அனுப்பாதே. 13 வயதுப் பையனுக்கு இதெல்லாம் எதற்கு? நாங்கள் யாரிடம் படித்தோம்?

மலர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: படித்துவிட்டேன் மலர்.

மீனா சித்தி: மலர்! அத்தான், அவளை விடுங்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. தெரியாத பிள்ளைக்கு நாமே சொல்லி ஆசையைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகாதா?

செல்வி அத்தை: மீனா, இந்தக் கேள்வியைப் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். யுனெஸ்கோ 2018இல் போட்ட வழிகாட்டியில் எல்லாம் தொகுத்து இருக்கிறது. சொல்லிக்கொடுத்ததால் பிள்ளைகள் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. அது போக, இது புதுப் பாடமும் இல்லை. நம் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே ‘வளரிளம் பருவமடைதல்’ என்று பாடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் வருகிறது. நடத்துவதுதான் கிடையாது. பூவில் மகரந்தச் சேர்க்கையை ஒரு வாரம் இழுத்து நடத்துவார்கள், மனிதன் என்று வந்ததும் ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’. என்னோடு வேலை பார்த்தவர்களைச் சொல்கிறேன்.

மலர்: எங்கள் பள்ளியில் அரசின் ‘புதுயுகம்’ திட்டத்தில் இலவச நாப்கின் கொடுக்கும் நாளில் பையன்களை மைதானத்துக்கு விரட்டிவிடுவார்கள். திரும்பி வந்து ‘உங்களுக்கு மட்டும் என்ன கொடுத்தார்கள், பிஸ்கட்டா?’ என்பார்கள்.

பெரியப்பா: செல்வி, இது வெளிநாட்டுச் சரக்கு. நாடாளுமன்றத்திலேயே ஒரு கமிட்டி வேண்டாம் என்று சொன்னதே?

கார்த்தி அண்ணன்: அப்பா சொல்வது சரி. 2009இல் வெங்கையா நாயுடு தலைமையில் மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வி வேண்டாம் என்றுதான் அறிக்கை கொடுத்தது. அதற்கு முன்பே 2007இல் மகாராஷ்டிரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் எல்லாம் எதிர்த்தன.

பெரியப்பா: பார்த்தாயா.

கார்த்தி அண்ணன்: இருங்கள் அப்பா, முடிக்கவில்லை. அதே 2007இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு பாலியல் தொல்லையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பையன்கள் பாதிக்கு மேல். செய்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்த ஆட்கள். பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் வாயே திறக்கவில்லை. வெளிநாட்டுச் சரக்கு என்ற பேச்சு தவறு என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் எழுதிவிட்டது. அதுவும் நம் சென்னை அம்பத்தூரில் பதிவான வழக்குதான்.

பெரியப்பா: பையன்களா?

கார்த்தி அண்ணன்: ஆமாம் அப்பா.

முருகன் மாமா: நாளை காலை 9 முதல் 2 வரை நம் ஏரியாவில் கரண்ட் இருக்காது. மாதாந்திரப் பராமரிப்பு.

மீனா சித்தி: ஐயோ, மாவு ஆட்டணுமே.

மீனா சித்தி: மதினி, பள்ளிக்கூடம்தான் சொல்லணுமா? நம் வீட்டில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லாமலா வளர்த்தோம்?

மலர்: அம்மா, பத்திரிகை அடித்தீர்கள், மண்டபம் பிடித்தீர்கள், தாய்மாமா சீர் கொண்டுவந்தார். ஏன் ரத்தம் வருகிறது என்று மட்டும் யாருமே சொல்லவில்லை. நர்சிங் முதல் வருடத்தில்தான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன்.

மீனா சித்தி: அதை இங்கே எழுதணுமா?

பிரியா: நான் ஏன் கேட்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். யாரும் கவினிடம் கேட்டுவிடாதீர்கள். போன வாரம் போனில் அவன் தேடியதைப் பார்த்தேன். ‘பையனுக்கு மார்பில் கட்டி, கேன்சரா?’ என்று தேடியிருக்கிறான். சாப்பாட்டிலும் மனம் இல்லை. அவன் அப்பா அதட்டுவாரோ என்று அவரிடமும் சொல்லவில்லையாம்.

மலர்: அக்கா, பயப்படாதீர்கள். இந்த வயதில் ஹார்மோன் மாறும்போது நிறையப் பையன்களுக்கு வரும். காம்புக்குக் கீழே சின்னதாகத் தட்டுப்படும், தொட்டால் வலிக்கும். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாகப் போய்விடும். இருந்தாலும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கார்த்தி அண்ணன்: எனக்கும் இருந்தது. அந்தக் கோடை முழுக்கப் பனியன் மேல் பனியன் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

பெரியப்பா: எங்களிடம் சொல்லவே இல்லையே?

கார்த்தி அண்ணன்: எப்படிச் சொல்வது அப்பா?

செல்வி அத்தை: பிரியா, அந்த டாக்டர் என்னென்ன பேசப்போகிறார் என்று பள்ளியில் எழுதிக் கேள். நாப்கின் எப்படி மாற்றுவது என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிடக் கூடாது. யாராவது தொட்டால் யாரிடம் சொல்வது, குழந்தைகள் உதவி எண் 1098க்கு எப்படிக் கூப்பிடுவது, பெண் பிள்ளை ‘வேண்டாம்’ என்றால் பையன் விலகிக்கொள்ள வேண்டும், இதெல்லாம் இருக்க வேண்டும். கேள்வியைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னால் நல்லது. எழுந்து நின்று ஒருத்தனும் கேட்க மாட்டான்.

பெரியப்பா: செல்வி, அந்தப் பாடத்தைப் படம் எடுத்துப் போடு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

செல்வி அத்தை: 6 புகைப்படங்கள்

பெரியப்பா: எழுத்து பொடியாக இருக்கிறது. நாளைக்கு மெதுவாகப் படிக்கிறேன். வெள்ளிதானே கடைசி?

பிரியா: கையெழுத்து போட்டுப் பையில் வைத்துவிட்டேன் பெரியப்பா. நீங்கள் படியுங்கள்.