ஆங்கில மரபுத்தொடர்கள்: பொருளை மனப்பாடம் செய்தால் மட்டும் போதுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை மாணவி

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழியில் படித்த நான் இப்போது கேரள பி.எஸ்.சி. தேர்வுக்கு ஆயத்தமாகி வருகிறேன். வழிகாட்டி நூல்கள் ஆங்கில மரபுத்தொடர்களுக்கு மலையாளத்தில் பொருள் தருகின்றன. அவற்றைத் தமிழில் எழுதிப் படித்தாலும், தேர்வில் அதே சொற்களால் அமைந்த தமிழ்த் தொடரே முந்திக்கொண்டு நினைவுக்கு வருகிறது. 'புல் சம்ஒன்ஸ் லெக்' என்பது காலை வாரிவிடுவதுதானே? விடைக்குறிப்பு ஏன் வேறாக இருக்கிறது?

மறுமொழி: சித்தூர் ஆங்கில ஆசிரியர்

தங்கைக்கு வணக்கம். நம்பியவரைக் கைவிடுவதையே தமிழில் காலை வாரிவிடுதல் என்கிறோம். மலையாளத்தில் 'காலுவாரல்' என்பதும் அதுவே, தேர்தல் காலத்தில் தமிழக எல்லையை ஒட்டிய நம் பாலக்காட்டுப் பகுதியில் இரண்டையும் கேட்கலாம். ஆங்கிலத் தொடரிலோ வஞ்சகம் இல்லை. இல்லாத ஒன்றை விளையாட்டாகச் சொல்லி நம்பவைத்துச் சீண்டுவதை மட்டுமே அது குறிக்கும். நாம் அறிந்த இரண்டு மொழிகளும் ஒன்றுபடுவதால்தான் எல்லைப்புற மாணவர்கள் இதில் உறுதியாகத் தவறான விடையைக் குறிக்கிறார்கள்.

பொருள் சரியாக இருந்தாலும் தொனி பிழைக்கலாம். 'கிக் த பக்கெட்' என்றால் இறத்தல் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. ஆனால் அதன் தொனி நம் 'மண்டையைப் போடுதல்' என்பதற்கு நெருக்கமானது என்பதால், இரங்கல் கடிதத்தில் அதை எழுதினால் இறந்தவரை இழிவுபடுத்தியதாகிவிடும். எனவே ஒவ்வொரு தொடரையும் ஒரு முழு வாக்கியத்தோடு, யார் யாரிடம் சொல்வது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

மறுமொழி: மூணாறு வாசகர்

ஆசிரியர் சொன்னதோடு பின்னணிக் கதையையும் அறிந்தால் பொருள் நழுவாது. 1801ஆம் ஆண்டு கோபன்ஹேகன் கடற்போரில், பின்வாங்கச் சொன்ன சைகையை ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சன் பார்வையிழந்த கண்ணில் தொலைநோக்கியை வைத்துப் பார்த்து, தமக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார் என்பார்கள். 'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்பது பார்க்கத் தவறுவதன்று, கண்டும் காணாததுபோல் இருப்பது என்பது இக்கதையால் மனத்தில் பதியும். 1631இல் மறைந்த கேம்பிரிட்ஜ் குதிரைக்காரர் தாமஸ் ஹாப்சன், வாடகைக்குக் கேட்டு வருவோர் வாசலுக்கு அருகில் நிற்கும் குதிரையையே எடுக்க வேண்டும், இல்லையேல் நடக்க வேண்டும் என்பாராம். ஆகவே 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' இரண்டில் ஒன்றைத் தேர்வதைக் குறிக்காது, தேர்வே இல்லாத நிலையைக் குறிக்கும். இணையத்தில் உலவும் கதைகள் எல்லாவற்றையும் நம்ப வேண்டாம். மழை கொட்டித் தீர்ப்பதைக் குறிக்கும் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பதற்குக் கூரையிலிருந்து விலங்குகள் விழுந்த கதையைச் சொல்வார்கள். அதற்குச் சான்று இல்லை.

மறுமொழி: கொழிஞ்சாம்பாறை மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. வாக்கியத்தில் வரும்போது தொடரின் சொற்களை மாற்றி அமைக்கலாமா, ஐயா?

மறுமொழி: சித்தூர் ஆங்கில ஆசிரியர்

காலத்துக்கு ஏற்ப வினைச்சொல் மாறலாம். செயப்பாட்டு வினையில்தான் கவனம் வேண்டும். இரகசியத்தை வெளியிடுவதைக் குறிக்கும் 'ஸ்பில் த பீன்ஸ்' என்பதை 'த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்று மாற்றினாலும் பொருள் நிற்கும். 'த பக்கெட் வாஸ் கிக்ட்' என்று எழுதினாலோ மரணம் மறைந்து, யாரோ வாளியை உதைத்தார்கள் என்பதே எஞ்சும்.