மறு: வாக்குத்தத்த அட்டையில் இல்லாத பத்தாம் வசனம்

சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

குவைத்திலிருந்து தம்பி கேட்டிருந்த கேள்விக்குத் தனியாகப் பதில் போடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சம்பளம் நின்றுபோனவர்கள், இக்காமா (அங்கே தங்குவதற்கான அனுமதி) புதுப்பிக்காமல் மாட்டிக்கொண்டவர்கள் இன்னும் நாலைந்து பேர் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள். அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

தம்பி கேட்டது இது: "வருஷக் கடைசி ஆராதனையில எனக்குக் கிடைச்ச வாக்குத்தத்தம் எரேமியா 29:11. மே மாசம் வேலை போச்சு. நான் விசுவாசத்துல குறைஞ்சுட்டேனா, இல்ல வசனம் எனக்கில்லையா அண்ணாச்சி?"

ரெண்டும் இல்லை தம்பி. வருஷக் கடைசியில் ஆளுக்கொரு வசனம் போட்டுக் கொடுக்கிற அந்த வாக்குத்தத்த அட்டையை அச்சடித்தவர், கர்த்தர் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிற பதினோராம் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார். வேதாகமத்தைத் திறந்து அதற்கு முந்தின வசனத்தைப் படி. "பாபிலோனில் எழுபதுவருஷம் நிறைவேறினபின்பு" என்று இருக்கும். பதினொன்று அதற்குப் பிறகுதான் வருகிறது. கி.மு. 597-ல் யூதாவின் ராஜா எகொனியாவோடு பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதி அனுப்பிய கடிதம் அது. அதைக் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பிப் போகும் நாளைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று கர்த்தர் சொன்னது அவர்களையும் சேர்த்துத்தான்.

முந்தின அதிகாரத்தையும் சேர்த்துப் படித்தால் இன்னும் விளங்கும். அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்திலே எல்லாருக்கும் முன்பாக நின்று, பாபிலோனுக்குப் போனதெல்லாம் இரண்டே வருஷத்தில் திரும்பி வந்துவிடும் என்கிறான். ஜனத்துக்கு அதுதான் இனிக்கிறது. எரேமியாகூட முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் சொல்கிறார். ஆனால் அது கர்த்தர் சொன்னதல்ல. அனனியா அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் செத்துப்போகிறான். இப்போது கைப்பேசியில் "இந்த மாதக் கடைசிக்குள் உன் கதவு திறக்கும்" என்று வருகிற செய்திகளை இதோடு வைத்துப் பார். தேதி போட்டுச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அந்தத் தேதியை உன் ஜெபத்துக்குள் கொண்டுவராதே. தேதி தாண்டின அன்றைக்கு உடைவது அவர் ஊழியம் இல்லை, உன் விசுவாசம்.

அந்தக் கடிதம் அவர்களைச் செய்யச் சொன்னது என்ன? வீடு கட்டு, தோட்டம் போடு, அதன் பலனைச் சாப்பிடு, பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணு, இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணு. எல்லாமே தினப்படி வேலை. துன்பத்தில் உண்மையாக நிற்பது என்றால் பெரும்பாலும் இதுதான். இனி வருவதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றி.

சாப்பாடும் தூக்கமும் முதலில். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் வைத்துவிட்டு, சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். மறுபடியும் எழுப்பி, சாப்பிடு, போகவேண்டிய தூரம் அதிகம் என்கிறான். நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனபிறகுதான், "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்கிற கேள்வியே வருகிறது. நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கவலையில் ஏற்கெனவே சாப்பிடாமல் கிடப்பவனிடம் மூன்று நாள் உபவாசம் எடு என்கிறார்கள். அவன் மனம் இன்னும் கீழே போகும். முதல் இரண்டு வாரம் உபவாசம் வேண்டாம். மூன்று வேளை சாப்பாடு, ராத்திரி ஆறு ஏழு மணி நேரத் தூக்கம். உபவாசம் இருந்தே ஆகவேண்டும் என்றால் பிறகு, லீவு நாளில், ஒரே ஒரு வேளை. வெயிலில் வேலை செய்கிறவர்கள் வேலை நாளில் இருக்கவே கூடாது.

முறையிடுகிற சங்கீதங்கள். நூற்றைம்பது சங்கீதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். நம் ஆராதனையில் அவை அதிகம் வாசிக்கப்படாததால், முறையிடுவதே அவிசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பதின்மூன்றாம் சங்கீதத்தை எடு. ஆறே வசனம். முதல் இரண்டும் புகார்: "எதுவரைக்கும், எதுவரைக்கும்" என்று தாவீது திரும்பத் திரும்பக் கேட்கிறான். அடுத்த இரண்டும் வேண்டுதல். கடைசி இரண்டும் நம்பிக்கையும் பாட்டும். வழக்கமாக நடக்கிற தப்பு, நேரே ஐந்தாம் வசனத்துக்குத் தாவுவது. உள்ளே எரிந்துகொண்டிருக்கும்போது வாயில் ஸ்தோத்திரத்தை மட்டும் அடுக்கினால், ஒரு மாதத்தில் ஜெபமே பொய்போலத் தோன்ற ஆரம்பிக்கும். பிறகு ஜெபம் நின்றுபோகும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. பக்கத்தை மூன்றாக மடி. மேலே புகாரை உன் வார்த்தையிலேயே எழுது. ஏஜென்ட், கம்பெனி, கடன் எல்லாம் வரலாம். நடுவில் இன்றைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கீழே, நம்பிக்கை வருகிறதோ இல்லையோ, சங்கீதத்தின் கடைசி வரியை அப்படியே பார்த்து எழுது. அது தாவீதின் நம்பிக்கை. உனக்கு வரும்வரை கடன் வாங்கிக்கொள்ளலாம். பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்து முறைப்படி முப்பது நாளில் சங்கீதம் முழுவதையும் முடிக்கலாம்தான், சராசரி நாளொன்றுக்கு ஐந்து. சோர்ந்தவனுக்கு அது தாங்காது. நாளுக்கு ஒன்று போதும், ஐந்து மாதம் ஓடும். 119 வருகிற அன்றைக்கு எட்டு வசனம் மட்டும் படி. எட்டெட்டாக 22 பகுதியாகத்தான் அது இருக்கிறது. 88-ஆம் சங்கீதத்தைப் படிக்காமல் விட்டுவிடாதே. அதில் கடைசிவரை வெளிச்சமே வராது. சிநேகிதர் விலகிப்போனதோடு முடிந்துவிடும். அப்படி முடிகிற ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதே பெரிய ஆறுதல்.

காணிக்கை, பொருத்தனை (நேர்ந்துகொள்வது). இதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். சம்பளம் வராத மாதத்துக்குத் தசமபாகமும் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) பூஜ்யம்தான். வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடுவது பக்தி இல்லை. இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 தெளிவாகவே சொல்கிறது. நம் அம்மாமார் உலையில் போடுகிற அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்து வைத்த வழக்கம் ஞாபகம் இருக்கும். உலை வைக்காத வீட்டில் கைப்பிடி அரிசியும் கிடையாது. பொருத்தனையும் அப்படியே: பண்ணினால் தாமதியாமல் செலுத்து, பண்ணிவிட்டுச் செலுத்தாமலிருப்பதைவிடப் பண்ணாதிருப்பதே நலம் என்கிறது பிரசங்கி ஐந்தாம் அதிகாரம். பதறுகிற நேரத்தில் வாயிலிருந்து வரும் பொருத்தனை பெரும்பாலும் பேரம்தான். முதல் மாதம் ஒன்றும் பண்ணாதே.

ஆராதனை. எந்த நாள் லீவோ அதுவே ஓய்வுநாள். அமீரகத்தில் 2022 ஜனவரியிலிருந்து அரசு விடுமுறை சனி ஞாயிறாகிவிட்டாலும், தொழிலாளர் கேம்ப் ஆட்களுக்கு லீவு வேறு நாளில்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை போக முடியவில்லையே என்று குற்ற உணர்வு வேண்டாம். சவூதியில் ஆலயம் என்று ஒன்றே இல்லை; அங்கே இருக்கிறவர்கள் தனி வாசிப்பு, தனி ஜெபம் என்று இருங்கள். ஆர்வத்தில் அறையில் கூட்டம் கூட்டி, கூட இருப்பவர்களையும் மாட்டிவிடாதீர்கள்.

கூப்பிட்டு ஆறுதல் சொல்கிறவர்களுக்கு. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நின்ற யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. வாயைத் திறந்தபிறகுதான் கெட்டது. "ஏதாவது பாவம் இருக்கான்னு ஆராய்ஞ்சு பாருங்க" என்பதுதான் அவர்கள் பேசினதன் சாரம். நாற்பத்திரண்டாம் அதிகாரத்தில் கர்த்தருக்குக் கோபம் வந்தது யோபின் மேல் அல்ல, எலிப்பாஸ் மேலும் மற்ற இருவர் மேலும்.

யோபின் கதையை நம் பக்கத்தில் "எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது" என்பதற்காகவே சொல்கிறோம். நம் சீமையிலேயே அதற்கு ஒரு மறுப்பு இருக்கிறது. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்த நட்டாலத்து நீலகண்டன், பயிரிலும் மாட்டிலும் நஷ்டப்பட்டு நொந்திருந்தபோது, 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனாய் அவருக்கு யோபின் கதையைச் சொன்னார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதன்பிறகு நஷ்டம் நின்றதா? 1749-ல் சிறை, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் துப்பாக்கிக் குண்டு. இரட்டிப்பாக ஒன்றும் கிடைக்கவில்லை. 2022-ல் ரோமாபுரியில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அது அவர் கணக்கில் சேராது.

ஆகவே கூப்பிடும்போது காரணம் தேடாதீர்கள். வாடகை எந்தத் தேதிவரை கட்டியிருக்கு, பிள்ளைகள் பள்ளிக் கட்டணம் எவ்வளவு பாக்கி, அம்மாவுக்கு மாத்திரை இருக்கா — இந்த மூன்றையும் கேளுங்கள். சங்கத்து நிதியிலிருந்து கொடுப்பதைக் குழுவில் அறிவிக்க வேண்டாம். பள்ளிக்கோ மருந்துக்கடைக்கோ நேராகக் கட்டிவிடலாம். கலாத்தியர் ஆறில் "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று இரண்டாம் வசனமும், "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்று ஐந்தாம் வசனமும் முரண்படுவதுபோலத் தெரியும். கிரேக்கத்தில் அவை இரண்டு வேறு சொற்கள்: முதலாவது ஒருவனை நசுக்குகிற பளு, மற்றது அவனவன் தூக்கிப்போக வேண்டிய சுமை. வாடகை நசுக்கும்போது நாம் பிடிக்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பம் போடுவது அவன் சுமை. அதை அவனுக்காக நாம் செய்துகொடுத்தால் அவன் கை இன்னும் தளரும்.

அன்புடன்,
அபுதாபி அண்ணாச்சி

———

அண்ணாச்சிக்கும் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். உபவாசத்தைப் பற்றி ஒரு நர்ஸாக இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுக்கிறவர்கள் ஒரு வேளை உபவாசம்கூட டாக்டரைக் கேட்காமல் இருக்கக் கூடாது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஜெபத்தில் உட்கார்ந்தால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு வரும். அதைப் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று நினைத்துவிடாதீர்கள். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கணும், பதினைந்து நிமிஷத்தில் திரும்பச் சோதிக்கணும். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது: இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, அழுகை நிற்கவில்லை என்றால் அது விசுவாசக் குறைவு இல்லை, மருத்துவரிடம் போகவேண்டிய அடையாளம். செத்துப்போகலாம் என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம். அன்றைக்கே ஆளைத் தனியாக விடாமல் கூட்டிப்போங்கள். ஊரில் இருக்கும் வீட்டாருக்கு 14416 என்கிற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கொடுத்து வையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

நம் குழுவாகச் சேர்ந்து ஜெபிக்கிற நேரம் பற்றி: இந்திய நேரம் இரவு 9 மணி சிங்கப்பூர்க்காரர்களுக்கு 11.30 ஆகிவிடுகிறது. சனிக்கிழமை இந்திய நேரம் மாலை 7.30 என்று வைத்தால் குவைத்தில் 5, துபாயில் 6, சிங்கப்பூரில் இரவு 10, டொரன்டோவில் கோடையில் காலை 10, குளிர்காலத்தில் 9. அரை மணி நேரம்தான். ஒரு சங்கீதம், பெயர் சொல்லாமல் தேவைகள், கர்த்தருடைய ஜெபம். யாருக்காவது அந்த நேரம் ஷிப்ட் இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.

— மஸ்கட் அக்கா